தன் அலையைத் தானே ஏறும் படகு

கடலில் ஓடும் ஒவ்வொரு படகும் தனக்கென்று ஓர் அலையை எழுப்பிக்கொண்டே போகிறது. அணியம் நீரைப் பிளக்கும் இடத்தில் ஒரு முகடு, கொஞ்சம் தள்ளி ஒரு பள்ளம், அதற்கும் பின்னால் இன்னொரு முகடு. வேகம் கூடக்கூட இரண்டு முகடுகளுக்கும் நடுவே உள்ள தூரம் நீளும். ஆழமான நீரில் நீண்ட அலைதான் வேகமாக ஓடும். படகோடு கூடவே ஓடவேண்டிய அலை என்பதால், அதன் நீளத்தைப் படகின் வேகமே தீர்மானித்துவிடுகிறது.

நீரைத் தொடும் பகுதி 7.5 மீட்டர் இருக்கும் ஒரு ஃபைபர் படகை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 12 கிலோமீட்டரை எட்டும்போது முதல் முகடு அணியத்திலும் அடுத்தது பின்கோடியிலும் வந்து நிற்கும். இன்னும் முடுக்கினால் பின்முகடு படகை விட்டு விலகிவிடும். பின்பக்கம் பள்ளத்தில் அமிழும், அணியம் மேலே தூக்கும். அதன் பிறகு படகு ஒரு மேட்டில் ஏறிக்கொண்டே இருக்கிறது. தானே எழுப்பிய மேடு; எவ்வளவு தூரம் ஓடினாலும் உச்சி வருவதில்லை.

இதை அளந்து சொன்னவர் வில்லியம் ஃபிரவுட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். 1860களில் சிறிதும் பெரிதுமாகப் படகு மாதிரிகள் செய்து டார்ட் ஆற்றில் இழுத்துப் பார்த்தார். பிறகு டார்க்கியில் அதற்காகவே நீண்ட தொட்டி ஒன்றைக் கட்டினார். ஒரே வடிவமுள்ள படகுகளில் நீளம் நான்கு மடங்கானால், அதே அலைக்கோலம் இரண்டு மடங்கு வேகத்தில்தான் தோன்றும். இன்றும் கப்பல் கட்டுபவர்கள் சிறு மாதிரியை இழுத்துப் பார்த்துப் பெரிய கப்பலுக்குக் கணக்குப் போடுவது இதை வைத்துத்தான்.

அவுட்போர்டு மோட்டார் வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது எத்தனை குதிரைத்திறன் என்பதை. நம் படகு அந்த மேட்டுக்கு இந்தப் பக்கம் ஓடப்போகிறதா, அந்தப் பக்கமா என்பதுதான் அதற்கு முந்தைய கேள்வி. இந்தப் பக்கம் என்றால் சிறிய மோட்டாரே போதும். அந்தப் பக்கம் போக, அடிப்பகுதி பின்னால் தட்டையாகவும் அகலமாகவும் இருக்கவேண்டும். சுமை குறைவாக இருக்கவேண்டும். விசையும் தாராளமாக வேண்டும். அப்போது படகு முன்னலையின் மேலேறி நீர்ப்பரப்பில் வழுக்கத் தொடங்கும். நீரில் அமிழ்ந்து கிடந்த எடையை இப்போது ஓட்டத்தின் வேகமே தாங்கிப் பிடிக்கிறது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, அணியம் வானத்தைப் பார்க்க ஓடும் படகுதான் எரிபொருளை வீணாக்குவதில் முதலிடம். ஒல்லியாக நீண்ட வள்ளங்கள் மட்டும் ஓரளவு விதிவிலக்கு. அவை எழுப்பும் அலையே சிறியது.

எந்திரத்தின் விசை நீருக்குப் போய்ச் சேர்வது ப்ரொப்பெல்லர் வழியாக. இங்கே இன்னொரு வியப்பு இருக்கிறது. கொஞ்சம் நீரை வேகமாகப் பின்னால் தள்ளினாலும், அதைப்போல் இரண்டு மடங்கு நீரைப் பாதி வேகத்தில் தள்ளினாலும் படகுக்குக் கிடைக்கும் உந்துதல் ஒன்றே. ஆனால் இரண்டாவது முறையில் நீருக்குள் போய் வீணாகும் ஆற்றல் பாதிதான். ஆகவே கனத்த சுமையோடு மெதுவாகப் போகும் படகுக்குப் பெரிய ப்ரொப்பெல்லர் நிதானமாகச் சுற்றுவது நல்லது. அதே குதிரைத்திறனில் பற்சக்கர விகிதத்தை மாற்றிச் சுமைப் படகுக்கென்றே தனி மோட்டார்கள் விற்பது இதனால்தான்.

ப்ரொப்பெல்லரில் பொறித்திருக்கும் இரண்டு எண்களில் ஒன்று விட்டம், மற்றது பிட்ச்: நழுவாமல் ஒரு சுற்று சுற்றினால் எத்தனை அங்குலம் முன்னேறும் என்பது. எஞ்சின் நிமிடத்துக்கு 5500 சுற்று, பற்சக்கரம் அதைப் பாதியாக்குகிறது, பிட்ச் 13 அங்குலம் என்றால் கணக்குப்படி மணிக்கு 54 கிலோமீட்டர். நீர் நழுவுவதால் உண்மையில் அதைவிடக் குறைவுதான். சுமைப் படகில் மிகவும் குறைவு. பாரம் ஏற்றிய படகுக்குப் பெரிய பிட்சைப் பூட்டுவது, டாப் கியரில் ஏற்காடு மலையேறுவது போல. எஞ்சின் திணறும், சூடேறும், கரி படியும்.

சோழமண்டலக் கரையின் ஃபைபர் படகுகளில் பார்க்கும் நீளத்தண்டு டீசல் எஞ்சின், வேலைக்கேற்ற தேர்வு என்று நான் மதிப்பது. ஏறக்குறைய பத்துக் குதிரைத்திறன் இருக்கும். வலையும் ஆளும் ஏற்றி மேட்டுக்கு இந்தப் பக்கமே ஓடும் படகுக்கு அது போதும். துறைமுகம் இல்லாமல் நேரே மணலில் ஏறும் ஊர்களில், கரை நெருங்கும்போது தண்டையும் ப்ரொப்பெல்லரையும் நீரிலிருந்து தூக்கிவிடலாம்.

அவுட்போர்டு வாங்குவோர் தண்டின் நீளத்தையும் பார்க்கவேண்டும். 15 அங்குலம், 20 அங்குலம் என்று வரும். ப்ரொப்பெல்லருக்கு மேலே உள்ள தட்டு, படகின் அடிமட்டத்தோடு ஏறக்குறைய ஒட்டி நிற்கவேண்டும். மேலே போனால் ப்ரொப்பெல்லர் காற்றை உறிஞ்சிப் பிடிமானம் இழக்கும். கீழே போனால் வீண் இழுவை.

எல்லாம் பொருத்திய பிறகு, வழக்கமாகப் போகும் சுமை முழுவதையும், ஐஸ் பெட்டியும் வலையும் உட்பட, ஏற்றி முழு முடுக்கத்தில் ஓட்டிச் சுற்று எண்ணிக்கையைப் பார்க்கவேண்டும். தயாரிப்பாளர் சொன்ன வரம்பைத் தொடவில்லையென்றால் பிட்சை ஓர் அங்குலம் குறைத்துப் பூட்டலாம். நிமிடத்துக்கு ஏறக்குறைய 150 முதல் 200 சுற்று வரை கூடும்.