தண்டவாளத்தில் ஓடும் கடிகாரம்

பம்பரம் விட்டவர்களுக்குத் தெரியும். வேகம் தளரும்போது அது உடனே சாய்வதில்லை. சாய்ந்த தலையை வட்டமாக ஆட்டிக்கொண்டே கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். காலியம் ஆர்சனைடு என்ற குறைக்கடத்திப் படிகத்தில், காந்தப்புலத்தில் சிக்கிய எலக்ட்ரானின் ‘ஸ்பின்’ (சுழற்சி) என்ற நுண்காந்தமும் இப்படித்தான் தலையாட்டுகிறது. (எலக்ட்ரான் நிஜமாகச் சுற்றவில்லை, பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.) 1 டெஸ்லா புலத்தில் நொடிக்குச் சுமார் 600 கோடி ஆட்டம். ஓர் ஆட்டத்துக்கு 160 பிக்கோநொடி.

இதைப் பார்க்க, முதலில் ஸ்பின்களை ஒரே பக்கம் திருப்ப வேண்டும். அதற்குச் சாட்டை, வட்டமாக முனைவாக்கப்பட்ட லேசர் ஒளி. அது கிளப்பிவிடும் எலக்ட்ரான்களில் நாலுக்கு மூன்று ஒரு பக்கமும் ஒன்று எதிர்ப்பக்கமும் நிற்கும். ஒளியால் ஸ்பின்னைத் திருப்ப முடியும் என்று 1968இல் சிலிக்கானில் காட்டியவர் பிரெஞ்சு இயற்பியலாளர் ஜார்ஜ் லாம்பெல்.

திருப்பியாயிற்று, ஆட்டத்தை எண்ணுவது எப்படி? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த கருவி வருகிறது: சிறு தண்டவாளத்தில் நகரும் ஒரு கண்ணாடி. லேசர் துடிப்பை இரண்டாகப் பிரிக்கிறார்கள். முதல் பாதி ஸ்பின்களைத் திருப்பும். மறுபாதி, கண்ணாடியில் பட்டுச் சற்றுத் தாமதமாகப் படிகத்தைக் கடக்கும். கடக்கையில் அதன் முனைவாக்கத் தளம், அதாவது ஒளி அலை அதிரும் தளம், துளியூண்டு திரும்பும். எவ்வளவு, எந்தப் பக்கம் என்பது அந்தக் கணத்தில் ஸ்பின் எங்கே பார்க்கிறது என்பதைப் பொறுத்தது. கண்ணாடியை 1 மி.மீ. தள்ளினால் ஒளிக்குப் போக வர 2 மி.மீ. கூடுதல் தூரம், அதாவது 6.7 பிக்கோநொடி. ஒரு முழு ஆட்டமும் 24 மி.மீ.யில், கட்டைவிரல் அகலத்தில், அடங்கிவிடுகிறது! கண்ணாடியைத் தள்ளத் தள்ள, அலையாக ஏறி இறங்கி ஓய்கிறது அளவீடு.

1998இல் கலிபோர்னியாவின் சான்டா பார்பராவில் இயற்பியலாளர்கள் கிக்காவாவும் ஆஷலோமும் இந்தத் தண்டவாளத்தையே திணறடித்தார்கள். தூய படிகத்தில், கிளம்பிய எலக்ட்ரான் சீக்கிரமே ‘துளை’ எனப்படும் எலக்ட்ரான் காலியிடத்தில் விழுந்து மறையும். அவர்கள் மாசு கலந்து, முன்கூட்டியே எலக்ட்ரான்கள் குடியிருக்கும் படிகத்தை எடுத்தார்கள். 5 கெல்வின் குளிரில் ஸ்பின் 100 நானோநொடிக்கு மேல் தாங்கியது. அதைத் தொடரக் கண்ணாடி 15 மீட்டர் ஓட வேண்டும்!

அவர்கள் கண்ணாடியை நிறுத்திவிட்டுக் காந்தப்புலத்தை மாற்றினார்கள். லேசர் சுமார் 13 நானோநொடிக்கு ஒருமுறை துடிக்கிறது. பழைய ஸ்பின்கள் ஓயுமுன் புதியவை வந்து சேரும். அந்த இடைவெளியில் ஆட்டங்கள் முழு எண்ணாக அமைந்தால் பழையதும் புதியதும் ஒரே பக்கம் நிற்கும், அளவீடு எகிறும். தவறினால் ஒன்றையொன்று அழிக்கும். புலத்தை மெல்லக் கூட்டிக்கொண்டே போனால் வரைபடத்தில் வரிசையாகக் கூர்முனைகள். முனை எவ்வளவு ஒல்லியோ, ஸ்பின்னுக்கு அவ்வளவு ஆயுள்.