இயல் நீங்கிய நாடகம்

இயல், இசை, நாடகம் எனத் தமிழை மூன்றாகப் பகுத்த நம் முன்னோர், நாடகத்தை ஏனைய இரண்டன் கூட்டமாகவே கருதினர். சொல்லும் பண்ணும் கூடி மெய்யிலே தோன்றுவது நாடகம். அங்ஙனமாயின், சொல்லை நீக்கிவிட்டு, முன்னரே இயற்றி வைத்த இசையை மட்டும் கொண்டு ஒரு கதையைத் தொடக்கம் முதல் இறுதிவரை நடத்திக் காட்ட இயலுமோ? இயலும் எனக் காட்ட முற்பட்ட ஒரு திரைப்படம் 2003ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதனை நமக்கு நன்கு தெரிந்த ஒரு கலையின் அருகில் வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. விழுப்புரம், திண்டிவனப் பகுதிக் கூத்து

விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி வட்டாரங்களில் திரௌபதியம்மன் கோயில் விழாக்கள் சிறப்பாக நடைபெறுகின்றன. பகலில் பாரதப் பிரசங்கமும் இரவு முழுதும் தெருக்கூத்தும் நிகழும். பிரசங்கத்திற்கு அடிப்படையாகப் பெரும்பாலும் அமைவது வில்லிபாரதம். அதன் ஆசிரியராகிய வில்லிபுத்தூரார் இப்பகுதியைச் சார்ந்த திருமுனைப்பாடி நாட்டினர் என்பது மரபு.

கூத்தில் இசை முந்துகிறது, சொல் பிந்துகிறது. திரைக்குப் பின் நின்று தொடங்கும் வேடதாரி விருத்தமும் தருவும் பாடுவார். பின்பாட்டுக்காரர் அதனை வாங்கிப் பாடுவர். மத்தளமும் தாளமும் ஆர்மோனியமும் முகவீணையும் உடன் செல்லும். பாட்டு முடிந்ததும் அதன் பொருளையே வசனத்தில் விரித்துரைப்பர். கட்டியங்காரன் இடையே புகுந்து, இன்னார் வந்தார், இன்னது நிகழ்ந்தது என விளக்குவான். பாட்டில் விளங்காதது வசனத்தில் விளங்கும். வசனத்திலும் விளங்காததைக் காண்போர் தம் நினைவால் நிரப்பிக்கொள்வர். அவர்க்குக் கதை முன்பே தெரியும் அன்றோ?

ஆகவே கூத்தைத் தாங்கும் தூண்கள் மூன்று: பாட்டு, வசனம், காண்போரின் முன்னறிவு. இவற்றுள் பின்னைய இரண்டையும் எடுத்துவிட்டால் எஞ்சுவது யாது? இவ்வினாவிற்கு விடையாக நிற்பதே நாம் ஆராயப் புகும் படம்.

2. படம் பிறந்த முறை

பிரான்சு நாட்டவராகிய தோமா பாங்கால்தர், கி-மானுவல் டி ஓமெம்-கிறிஸ்தோ என்னும் இருவர் டாஃப்ட் பங்க் என்னும் பெயரில் மின்னணு இசை அமைத்து வந்தனர். மின்னணு இசை என்பது மின்கருவிகளால் ஒலியைப் பிறப்பித்தும், பழைய இசைத்தட்டுகளின் சிறு துண்டுகளை வெட்டி ஒட்டியும், மனிதக் குரலைப் பொறியின் வழியே திரித்தும் அமைப்பதாகும். அவர்கள் 2001இல் வெளியிட்ட டிஸ்கவரி என்னும் இசைத்தொகுப்பில் 14 பாடல்கள் உள்ளன. முழுதும் கேட்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். அத்தொகுப்பையே கதையாக்க விரும்பிய இருவரும், தாம் இளமையில் கண்டு மகிழ்ந்த தொடர்களின் படைப்பாளியாகிய சப்பானிய ஓவியர் லெய்ஜி மட்சுமோட்டோவை நாடினர். அவரது மேற்பார்வையில், கசுஹிசா டகெனோச்சியின் இயக்கத்தில், டோயி அனிமேஷன் நிறுவனத்தார் வரைந்து முடித்த அசைவூட்டப் படமே இன்டர்ஸ்டெல்லா 5555. பாடல்கள் தொகுப்பிலுள்ள வரிசையிலேயே வருகின்றன. உரையாடல் இல்லை.

கதை வருமாறு: வேற்றுலகில் நீலநிற மேனியர் நால்வர் இசைக்குழுவாக விளங்குகின்றனர். நிலவுலகைச் சேர்ந்த கொடியோன் ஒருவன் படை அனுப்பி அவர்களைக் கவர்ந்து, நினைவை உறிஞ்சித் தட்டுகளில் அடைத்து, மேனியின் நிறத்தை மாற்றி, தன் பொருட்டுப் பாட வைக்கிறான். அவர்கள்பால் அன்புடைய வீரன் ஒருவன் தேடி வந்து மீட்கிறான். அம்முயற்சியில் உயிரும் துறக்கிறான். நால்வரும் இழந்த நினைவைப் பெற்றுத் தம் உலகம் மீள்கின்றனர்.

3. சொல்லின்றி விளங்குவது எவ்வாறு?

முதலாவது, கதையின் அமைப்பு. சிறையெடுத்தல், தேடல், மீட்சி என்னும் இவ்வரிசை உலக மக்கள் அனைவர்க்கும் பழகியது. இராமகாதையின் எலும்பும் இதுவே. கூத்துக் காண்போர் பாரதக் கதையை அறிந்திருத்தல்போல, இப்படம் காண்போர் இவ்வமைப்பை அறிந்திருக்கின்றனர். முன்னறிவு என்னும் தூண் நீங்கவில்லை. வேறு உருவில் நிற்கிறது.

இரண்டாவது, ஒலியே மெய்ப்பாட்டைத் தருதல். தொல்காப்பியர் கூறும் எண்வகை மெய்ப்பாடுகள் சொல்லால் மட்டும் பிறப்பன அல்ல. முதற்பாட்டு கொண்டாட்டமாக ஒலிக்கிறது, உவகை பிறக்கிறது. அடுத்த பாட்டு கனத்த மணியோசையோடு தொடங்குகிறது; அச்சம் பிறக்கிறது. அப்பாட்டில் பாடற்சொல் ஒன்றேனும் இல்லை. எனினும் தீங்கு நேர்ந்துவிட்டது என்பதைச் செவி உணர்ந்துவிடுகிறது. இவ்வாறு பாடற்சொல் இல்லாத பகுதிகள் இத்தொகுப்பில் வேறு சிலவும் உண்டு.

மூன்றாவது, காட்சி பாட்டின் பொருளைத் திருப்புதல். ‘சம்திங் அபௌட் அஸ்’ என்னும் பாட்டைத் தனியே கேட்பார்க்கு அது தயங்கித் தயங்கித் தன் காதலை உரைப்பான் ஒருவனின் மென்மொழி. படத்தில் அது வீரன் உயிர் பிரியும் இடத்தில் ஒலிக்கிறது. அகத்திணைப் பாட்டு அவலப் பாட்டாகிவிடுகிறது. ஒரு சொல்லும் மாறவில்லை. கூத்தின் தரு அவ்விடத்திற்கென்றே கட்டப்பட்டது; ஆதலின் இத்தகைய திருப்பத்திற்கு அங்கு இடம் குறைவு. முன்பே பிறந்த பாட்டின்மேல் கதை பின்பு வந்து அமர்வதால் விளைந்த தனிநலம் இது.

4. மீண்டும் நுழையும் சொல்

இங்ஙனமாயின் சொல் முற்றும் தோற்றதோ எனின், அன்று. கதையின் பிற்பகுதியில் ஓர் இடர்ப்பாடு தோன்றுகிறது. கொடியோன் யார், அவன் கருதுவது யாது என்பதை எவ்வளவு இனிய ஒலியாலும் உணர்த்த முடியாது. ஆகவே நால்வரும் அவனது மாளிகையில் ஒரு நூலைக் கண்டெடுக்கின்றனர். முன்பும் பல உலகங்களிலிருந்து இசைவாணரைக் கவர்ந்து வந்தவன் அவன் என்பதும், 5,555 பொன் இசைத்தட்டுகளைப் பரிசாகப் பெற்றால் அண்டத்தை ஆளலாம் என்பது அவன் எண்ணம் என்பதும் அந்நூலால் தெரியவருகின்றன. பேச்சு நீங்கிய இடத்தில் எழுத்து வந்து அமர்கிறது. கூத்தில் கட்டியங்காரன் செய்யும் தொழிலை ஈண்டு ஒரு நூல் செய்கிறது. உணர்ச்சியை இசை தரும்; காரணத்தைச் சொல்லே தரும் என்பது இதனாற் பெறப்படும்.

5. சொல்லின்மையின் பொருள்

இப்படத்தில் சொல்லின்மை உத்தி மட்டுமன்று. கதையின் பொருளும் அதுவே. நினைவு பறிக்கப்பட்ட நால்வர்க்கும் தம்மைப் பற்றிக் கூறச் சொல் இல்லை. அவர்களிடம் எஞ்சியது கைத்தொழிலாகிய இசை ஒன்றே. ‘ஹார்டர், பெட்டர், ஃபாஸ்டர், ஸ்ட்ராங்கர்’ என்னும் பாட்டில் பொறியின் குரல் வினைச்சொற்களை அடுக்கி அடுக்கி ஒலிக்க, நால்வரின் உடலும் தொழிற்சாலைச் சரக்குப்போல் நகர்ந்து நகர்ந்து மாற்றப்படுகின்றது. கலைஞனை விட்டுக் கலையை மட்டும் பிரித்து விற்கும் வாணிகத்தை இதனினும் தெளிவாக ஒரு சொற்பொழிவு விளக்கிவிடாது.

இசைத்தட்டு இங்கு மூன்று உருவில் வருகிறது. நினைவை அடைத்து வைத்த சிறையும் தட்டே. கொடியோன் வேண்டும் பரிசும் பொன் தட்டே. இறுதியில் ஒரு சிறுவனின் அறையில் சுழன்று, இக்கதை முழுவதும் அவன் கனவோ என எண்ணவைப்பதும் தட்டே. பதிவு செய்யப்பட்ட இசை கலைஞனை மறைக்கவும் வல்லது. கேட்பான் உள்ளத்தில் அவனை உயிர்ப்பிக்கவும் வல்லது.

முடிவுரை

இயலின்றி நாடகம் நடக்கும். ஆயின் இயல் விட்டுச் சென்ற இடத்தைப் பழகிய கதையமைப்பும் ஒலியின் மெய்ப்பாடும் காட்சியும் நிரப்ப வேண்டும். காரணம் கூறும் இடத்தில் இயலே திரும்ப வந்தாக வேண்டும். விழுப்புரத்துக் கூத்துக் களரியில் விடியலளவும் அமர்ந்திருக்கும் முதியவர், பாடகர் குரல் கம்மித் தருவின் சொற்கள் தெளிவாகக் கேளாத பொழுதும் கண்ணீர் உகுக்கிறார். அவர் அழுவது எதனால் என்பதை ஆராய்வார்க்கு, கடல் கடந்து பிறந்த இப்படமும் ஒரு சான்றாக உதவும்.