உங்களுக்குத் தெரியுமா? மூன்றணாவா, பதினைந்தணாவா?

1963-ஆம் ஆண்டு, இடைத்தேர்தலில் வென்று மக்களவையில் பிரவேசித்திருந்த டாக்டர் ராம் மனோகர் லோகியா, பாரத தேசத்தில் 27 கோடி ஜனங்கள் நாளொன்றுக்கு மூன்றணாவில், அதாவது ஏறத்தாழ 19 நயா பைசாவில், ஜீவனம் நடத்துகின்றனர் என்று எடுத்துரைத்தபோது, தலைக்குப் பதினைந்தணா என்பதே பிரதமர் நேருவின் மறுமொழியாக இருந்தது. ஆலை முதலாளியின் லாபத்தையும் கூலிக்காரனின் அரைவயிற்றுக் கஞ்சியையும் ஒன்றாகக் கூட்டி ஜனத்தொகையால் வகுத்த அந்தச் சராசரி, ஏழையின் மடியில் ஒருநாளும் விழுந்ததில்லை. லோகியாவின் வாதத்திற்கு ஜீவநாடியே அதுதான். திட்டங்களால் பெருகிய வருமானம் எவரிடம் சென்று சேர்ந்தது என்பதை ஆராய 1960-இல் நியமிக்கப்பட்டிருந்த மகாலனோபிஸ் கமிட்டியும், பொருளாதார அதிகாரம் சிலர் கையில் குவிந்திருப்பதை 1964-இல் தன் அறிக்கையில் உறுதிப்படுத்தியது.