சைக்கிளை எங்கே நிறுத்துவது?

புனேக்கு வந்து குடியேறிய நம் மூத்த தலைமுறையினரைக் கேட்டுப் பாருங்கள். ராஸ்தா பேட்டிலிருந்து கிர்க்கி தொழிற்சாலைக்கு சைக்கிள் மிதித்த கதை ஒன்று கட்டாயம் வெளிவரும். "சைக்கிள் நகரம்" என்று பெயர் வாங்கிய ஊர் இது. பிறகு ஆக்குர்டியில் ஸ்கூட்டர் செய்தார்கள். ஊரே ஸ்கூட்டரில் ஏறியது. இன்று கர்வே நகரில் சைக்கிளுக்கு ஓர் அருங்காட்சியகமே இருக்கிறது!

ஆனாலும் சைக்கிள் ஒழிந்துவிடவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் நூற்றுக்குச் சுமார் 45 குடும்பங்களில் சைக்கிள் இருந்தது. கார் இருந்த குடும்பங்கள் நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. நம் வீட்டு வேலைக்கு வரும் பாயி, பேப்பர் போடும் பையன், டியூஷன் போகும் நம் பிள்ளைகள், டாக்டர் சொன்னதால் மறுபடி மிதிக்க ஆரம்பித்திருக்கும் என்னைப் போன்ற ஓய்வு பெற்றவர்கள் எல்லோரும் கடைக்குப் போகிறவர்கள்தான். சைக்கிளை நிறுத்தத்தான் இடம் இல்லை.

எங்கள் பேட்டையில் ஒரு பெரிய மளிகைக் கடை இருக்கிறது. வாசலில் ஆறு கார்களுக்கு வெள்ளைக் கோடு போட்டிருக்கிறார்கள். ஸ்கூட்டர்களுக்குத் தனி வரிசை. சைக்கிளைக் கண்டால் மட்டும் வாட்ச்மேன் விசில் அடிப்பார். சென்ற வருடம் என் பேத்தியையும் அப்படித்தான் பக்கத்துச் சந்தில் கொண்டுபோய் நிறுத்தச் சொன்னார். ரொட்டியும் வெண்ணெயும் வாங்கிக்கொண்டு வருவதற்குள் சைக்கிள் போய்விட்டது. போலீசில் பில் கேட்டார்கள், பிரேம் எண் கேட்டார்கள். இரண்டும் எங்களிடம் இருந்தன, சைக்கிள்தான் இல்லை. (அந்த எண் பெரும்பாலும் பெடல் அச்சுக்கு அடியில் பொறித்திருக்கும். இன்றே குறித்து வையுங்கள்.) அதற்குப் பிறகு அவள் ஸ்கூட்டி கேட்கிறாள். வயது பதினாலு.

நம் ஊர்ப்பக்கம் சினிமாக் கொட்டகையிலும் ரயிலடியிலும் சைக்கிள் ஸ்டாண்டு இருக்கும். காசு கொடுத்து டோக்கன் வாங்கினால் நிம்மதியாகப் படம் பார்க்கலாம். இங்கே கடைக்காரர்களிடம் அவ்வளவு கூடக் கேட்கவில்லை. இரும்புக் குழாயைக் கவிழ்த்த 'ப' போல வளைத்துத் தரையில் பதிக்கச் சொன்னேன், அவ்வளவுதான். இங்கிலாந்தில் ஷெஃபீல்டு ஊரின் பெயராலேயே இதை அழைக்கிறார்கள். முக்கால் மீட்டர் உயரம் போதும். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சைக்கிள் சாய்ந்து நிற்கும். சட்டத்தையும் சக்கரத்தையும் சேர்த்துச் சங்கிலி போடலாம். ஒரு கார் நிற்கும் இடத்தில் மீட்டருக்கு ஒன்றாக ஐந்து குழாய் நட்டால் பத்து சைக்கிள் நிற்கும்.

சில அலுவலகங்களில் முன்சக்கரத்தை மட்டும் செருகுகிற கம்பி வரிசை வைத்திருக்கிறார்கள். அது வேண்டாம். யாராவது இடித்தால் சைக்கிள் சரிந்து கம்பிகள் வளையும். சட்டத்தைப் பூட்டவும் வழியில்லை. பழைய கறுப்பு சைக்கிளுக்குக் கனமான ஸ்டாண்டு உண்டு, எங்கும் தானாக நிற்கும். இப்போது பிள்ளைகள் ஓட்டும் கியர் சைக்கிள்களில் பலவற்றுக்கு ஸ்டாண்டே கிடையாது. ஒன்று விழுந்தால் வரிசையே விழும். பின்சக்கரத்து வளையப் பூட்டை நம்பியும் பயனில்லை. பூட்டோடு தூக்கி டெம்போவில் போட எத்தனை நேரம் ஆகும்?

ஏழு கடைகளில் கேட்டேன். ஒரு முதலாளி சிரித்துக்கொண்டே, "அண்ணா, சைக்கிளில் வருகிறவர் அரைக் கிலோ பருப்புதானே வாங்குவார்?" என்றார். அரைக் கிலோ பருப்புக்கு அவர் வாரத்தில் நாலு நாள் வருகிறாரே என்றேன். காரில் வருகிறவர் மாதத்துக்கு ஒரு முறை எங்கோ மாலுக்குப் போய்விடுகிறார். அவர் பதில் சொல்லவில்லை, ஆனால் டீ வரவழைத்தார்.

உண்மையான சிக்கல் வேறு. நடைபாதை மாநகராட்சிக்குச் சொந்தம், அங்கே கடைக்காரர் குழாய் நடக்கூடாது. நடந்து போகிறவர்களுக்கும் அது இடைஞ்சல். கடைக்கு முன்னால் உள்ள காலி இடமோ பல கட்டடங்களில் ஹவுசிங் சொசைட்டியின் பொது இடம். கடைக்காரர் சம்மதித்தாலும் செக்ரட்டரியின் கையெழுத்து வேண்டும். டீ வரவழைத்தவருக்காக நான் சொசைட்டி கூட்டத்துக்கே போய் உட்கார்ந்தேன். தண்ணீர் டாங்கர் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசிய பிறகு ஐந்து நிமிடத்தில் அனுமதி கிடைத்தது. மூன்று குழாய்கள், வெல்டிங் கூலி சேர்த்து 5,000 ரூபாய்க்குள் முடிந்தது. கல்லாவிலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில் போடச் சொன்னேன். கண்ணில் படும் சைக்கிளைத் திருடத் துணிபவர்கள் குறைவு. இப்போது சாயங்காலம் ஆறு சைக்கிளும் நிறைந்து, ஏழாவது ஒன்று முதலாளியின் ஸ்கூட்டர் மேல் சாய்ந்திருக்கிறது.

மருந்துக் கடைக்காரர் தீபாவளிக்குப் பிறகு பார்க்கலாம் என்றிருக்கிறார். பெரிய கடைக்கு இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. மாநகராட்சி 2017இல் விரிவான சைக்கிள் திட்டம் ஒன்றை ஏற்றது. சைக்கிள் நிறுத்துமிடங்களும் அதில் உண்டு. மூன்றாவது கடிதத்தில் அதைச் சொல்லப்போகிறேன். அந்தக் கடையில் மாதாமாதம் சாமான் வாங்குகிற நம் குடும்பங்கள் பத்துப் பேர் கையெழுத்துப் போட்டால், என் தனிக் கையெழுத்தைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

சங்கப் பொறுப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாவுக்கு மண்டபம் பேசும்போது, கார் பார்க்கிங் எத்தனை என்று கேட்கிற அதே மூச்சில் சைக்கிளையும் கேளுங்கள். கோலப் போட்டிக்கு வருகிற சிறுமிகள் பலர் சைக்கிளில்தான் வருகிறார்கள்.

வரும் ஞாயிறு காலை பால் டெய்ரிக்காரரிடம் பேசப் போகிறேன். என் மராத்தி காய்கறி வாங்கும் அளவுக்குத்தான் இருக்கிறது. நன்றாகப் பேசத் தெரிந்த அன்பர் யாராவது கூட வந்தால் நல்லது. முடிந்தால் சைக்கிளிலேயே வாருங்கள்.