ஒரு பாடம்தான் பாக்கி... பையனைக் காணோம்!

2025-ல் பத்தாம் வகுப்பு ரிசல்ட் மே 16. துணைத் தேர்வு தொடங்கியது ஜூலை 4. இடையில் சரியாக ஏழு வாரம். விட்ட ஒரு பாடத்தில் 35 மார்க் எடுக்க ஏழு வாரம் தாராளம் என்று எந்த ஆசிரியரைக் கேட்டாலும் சொல்வார். கூடவே இன்னொன்றையும் சொல்வார்: “பையன் கையில கிடைச்சாத்தானே சார்!”

கிடைக்க மாட்டான். ரிசல்ட் வருவதற்கு முன்பே திருப்பூருக்கு பஸ் ஏறியிருப்பான். பனியன் கம்பெனியில் செக்கிங், கைமடி என்று ஏதோ ஒரு வேலை. இல்லாவிட்டால் சித்தப்பாவோடு சென்ட்ரிங், மாமாவோடு வடக்கே முறுக்குக் கம்பெனி, முகூர்த்த நாள்களில் உள்ளூர் கேட்டரிங். ‘லீவுல சும்மா கிடக்கிறதுக்கு நாலு காசு பார்க்கட்டுமே’ என்று வீட்டிலேயே அனுப்பிவைத்ததுதான்.

அந்த ஆண்டு தேர்ச்சி 93.80 சதவீதம். தலைப்புச் செய்திக்கு அது போதும். மிச்சமுள்ள 6.20 சதவீதத்தைத் தலைகளாக எண்ணினால் அரை லட்சத்தைத் தாண்டும். அவர்களில் பலருக்குப் பாக்கி இருப்பது ஒன்றோ இரண்டோ பாடம்தான். பாஸான பாடங்களை மறுபடி எழுதத் தேவையில்லை. இவ்வளவு கிட்டத்தில் இருந்துகொண்டு ஏன் வர மறுக்கிறார்கள்?

எடிசன் கதை எடுபடாது

எட்டாம் வகுப்பு வரை இங்கே யாரையும் ஃபெயில் போடுவதில்லை. ஒன்பதிலும் பெரும்பாலும் தள்ளிவிட்டுவிடுவார்கள். ஆக, ஒரு பிள்ளை தன் வாழ்க்கையில் ‘ஃபெயில்’ என்று முதன்முதலாகக் கேள்விப்படுவதே பத்தாம் வகுப்பு ரிசல்ட் அன்றுதான். அதுவும் ஊரே செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு ‘எவ்வளவு மார்க்?’ என்று கேட்கும் நாளில். தெருவில் தலைகாட்டக் கூசும் பையனுக்கு வெளியூர் வேலை ஒரு மறைவிடமாகவும் ஆகிவிடுகிறது.

அப்படிப்பட்டவனைப் பிடித்து உட்காரவைத்து நாம் என்ன செய்கிறோம்? அறிவுரை சொல்கிறோம். எடிசன் எத்தனை முறை தோற்றார் என்பது அவனுக்கு மனப்பாடம். தேர்வில் அதைக் கேட்டிருந்தால் நூற்றுக்கு நூறு வாங்கியிருப்பான். மோட்டிவேஷன் பேச்சு தினமும் அவன் போனிலேயே வருகிறது. கட்டைவிரலால் தள்ளிவிட்டுப் போகிறான்.

தோற்கப் பயந்தவன் தோற்கக்கூட வர மாட்டான். 2023 மார்ச்சில் பிளஸ் டூ தமிழ்த் தேர்வுக்கு சுமார் 50 ஆயிரம் பேர் வரவே இல்லை என்று தெரிந்தபோது மாநிலமே அதிர்ந்தது. வகுப்பாசிரியர்கள் அவ்வளவாக அதிரவில்லை. பல மாதங்களாகக் காலியாகக் கிடந்த பெஞ்சுகளை அவர்களுக்கு முன்பே தெரியும்.

முதல் நாள் ஒரு கிராஃப்

பின்னே எதுதான் வேலை செய்கிறது? ‘மெல்லக் கற்போர்’ வகுப்பையே வருஷா வருஷம் தலையில் கட்டிக்கொள்ளும் கணக்கு ஆசிரியர்கள் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. அவர்கள் அறிவுரையில் நேரத்தை வீணாக்குவதில்லை. வினாத்தாளைத்தான் பிரித்துக் காட்டுகிறார்கள்.

கணக்கில் ஒரு மார்க் கேள்வி 14. கடைசிப் பகுதியில் எட்டு மார்க் கேள்வி இரண்டு: ஒன்று செய்முறை வடிவியல், மற்றொன்று வரைபடம். இரண்டிலும் ‘அல்லது’ உண்டு. வடிவொத்த முக்கோணமும் தொடுகோடும் கை பழகினால் வரக்கூடியவை. சமன்பாட்டைத் தீர்க்கத் தெரியாதவன்கூட அட்டவணை போட்டு, புள்ளி வைத்து, வளைவரை வரைந்துவிடுவான். 16 மார்க் அதில். ஒன் வேர்டில் பத்துப் பன்னிரண்டு. இரண்டு மார்க் கேள்விகளில் ஐந்தாறைத் தொட்டால் 35 தாண்டிவிடும். அறிவியலில் இன்னும் சுலபம். செய்முறைக்கு 25 மார்க் தனியாக இருக்கிறது. எழுத்துத் தேர்வில் 75-க்கு 20 கட்டாயம் எடுக்க வேண்டும். செய்முறை மார்க் கையில் இருப்பவன் அந்த இருபதைத்தான் துரத்த வேண்டும்.

முதல் நாளே பையனிடம் கிராஃப் தாளைக் கொடுத்து ஒன்றை முழுசாகப் போடவைத்து, சிவப்பு மையில் 8/8 எழுதித் தருவதுதான் அவர்களுடைய வித்தை. ‘உன்னால் முடியும்’ என்று வாயால் சொல்வதை அவன் நம்புவதில்லை. தன் கையால் போட்ட கணக்குக்கு விழுந்த மார்க்கை நம்புவான். இரண்டாம் நாளும் வருவான்.

பாஸாகத் தேவையானதை மட்டும் பழக்கும் இந்த ‘மினிமம் மெட்டீரியல்’ முறையால் பிள்ளைகள் உண்மையில் எதையும் கற்பதில்லை என்று கல்வியாளர்கள் சொல்கிறார்கள். சரிதான். ஆனால் முங்குகிறவனைக் கரையில் ஏற்றிவிட்டுத்தானே நீச்சல் சொல்லித்தர முடியும்?

எதற்கு இந்த 35?

அடுத்து, அவனுக்கு ஒரு காரணம் வேண்டும். ‘படிச்சா பெரிய ஆளாகலாம்’ என்பதெல்லாம் காரணமே இல்லை. அவன் எங்கே போக ஆசைப்படுகிறான் என்று கேட்டு, அந்த வழியில் இந்தச் சான்றிதழ் எந்த இடத்தில் மறிக்கும் என்று காட்ட வேண்டும்.

வளைகுடாவில் அண்ணன் இருக்கிறான், தானும் போவேன் என்கிறானா? பத்தாவது பாஸ் செய்யாதவரின் பாஸ்போர்ட்டில் பொதுவாக ஈ.சி.ஆர் (குடிபெயர்வு அனுமதி தேவை) என்று விழும். சவுதி, கத்தார், குவைத், மலேசியா போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போக அவன் தனியாகக் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும். பாஸ் செய்தவனுக்கு அந்த அலைச்சல் இல்லை. போலீஸ் ஆசை இருக்கிறதா? இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்கு அடிப்படைத் தகுதியே பத்தாம் வகுப்புத் தேர்ச்சிதான். குரூப் 4-க்கும் அப்படியே. ஐ.டி.ஐ-யில் வெல்டர், வயர்மேன் பிரிவுகளில் எட்டாம் வகுப்போடு சேரலாம். ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் வேண்டுமென்றால் பத்து வேண்டும். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதும், மேடை போட்டுப் பேச வேண்டியதில்லை.

எட்டாம் வகுப்போடு ஐ.டி.ஐ முடித்து, மொழித் தேர்வுகளை எழுதி, பத்தாம் வகுப்புக்கு இணைச் சான்று வாங்கலாமே, ஏன் இந்தத் தேர்வையே கட்டி அழ வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. அந்த வழியும் இருக்கட்டும்.

முதல் சம்பளம் என்னும் வலை

என் கவலை வேறு. இவ்வளவையும் செய்தாலும் நாம் தோற்கப்போவது பையனின் சோம்பலிடம் இல்லை, அவன் கைக்கு வந்துவிட்ட கூலியிடம்.

பதினைந்து வயதில் நாளுக்கு ஐந்நூறோ அறுநூறோ வாங்கிப் பழகியவன் மறுபடி அப்பாவிடம் பஸ் காசுக்குக் கை நீட்ட மாட்டான். முதல் வாரத்தில் ஒரு டச் போன் தவணையில் வருகிறது. அடுத்த மாதம் அம்மாவின் சுய உதவிக்குழுக் கடனுக்கு அவன் காசு போகிறது. அதற்குப் பிறகு ‘பரிட்சை எழுதப் போறேன், பதினஞ்சு நாள் லீவு’ என்று அவனே சொன்னாலும் வீட்டில் முகம் சுருங்கும். சட்டமும் அவனைப் பிடித்து நிறுத்தாது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் பதினான்கு வயதோடு முடிகிறது. அதற்கு மேல், ஆபத்தான தொழில்கள் என்று பட்டியலிட்டவற்றைத் தவிர மற்ற வேலைகளுக்குப் பதினெட்டுக்குக் கீழுள்ளவர்களையும் வைத்துக்கொள்ளலாம்.

பெண் பிள்ளைக்கு இதே வலை வேறு உருவில். ‘டெய்லரிங் கிளாஸ் போகட்டும்’ என்று தொடங்கி, மாப்பிள்ளை பார்ப்பதில் போய் நிற்கும்.

இதற்கு நாம் வைத்திருக்கும் எதிர் எடை என்ன? புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. ஆனால் மேற்படிப்பில் சேர்ந்த பிறகு. வேலைவாய்ப்பகத்தில் பதிந்து ஐந்தாண்டு காத்திருப்போருக்கான உதவித்தொகை, பத்தாவது ஃபெயிலுக்கு மாதம் 200 ரூபாய், பாஸுக்கு 300. அரசுக் கணக்கிலேயே இரண்டுக்கும் வித்தியாசம் 100 ரூபாய்தான். அரை நாள் கூலிகூட இல்லை. பையன் நம்மைவிட நன்றாகவே கணக்குப் போடுகிறான்!

தாண்டி வர வேண்டிய அந்த ஏழு வாரத்துக்கு மட்டும் ஓர் ஊக்கத்தொகை கொடுத்துப் பார்க்கலாம். வகுப்பை மாலை ஆறு மணிக்கு வைக்கலாம். யூனிஃபார்ம் வேண்டாம், ஜூனியர்களோடு ஒரே பெஞ்சில் உட்காரவைக்க வேண்டாம். பள்ளிகளின் தேர்ச்சி விகிதத்தை மே மாதம் ஒரு முறை, துணைத் தேர்வுக்குப் பின் ஒரு முறை என்று இருமுறை வெளியிட்டால், தவறியவர்களைத் தேடி வீட்டுக்குப் போகத் தலைமை ஆசிரியர்களுக்கும் ஒரு காரணம் கிடைக்கும். துணைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கத் தரும் நாள்களும் கொஞ்சம்தான். கடைசித் தேதி எப்போது போனது என்றே தெரியாமல் விட்டவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள்.

எல்லாவற்றுக்கும் முன்பாக, ஆசிரியர்கள் ஒருவரைப் பார்த்துப் பேச வேண்டும்: பையனை வேலைக்குக் கூட்டிப்போன மேஸ்திரியை. பல மேஸ்திரிகள் அதே பத்தாவதில் விட்டுவிட்டு வந்தவர்கள்தான். படிப்பில்லாமல் எங்கெல்லாம் தலைகுனிய வேண்டியிருந்தது என்பதை எந்தப் பேச்சாளரையும்விட அவர்கள் நன்றாகச் சொல்வார்கள். ஹெட்மாஸ்டர் சொல்லிக் கேட்காத பையன், “போய் எழுதிட்டு வாடா, உன் வேலை எங்கேயும் போயிடாது” என்று மேஸ்திரி சொன்னால் கேட்பான். தேர்வுக்குப் போகும் நாள்களின் கூலியையும் பிடிக்காமல் கொடுத்தால் கட்டாயம் கேட்பான்.