சுழலும் தட்டும் காத்திருக்கும் யந்திரமும்

சென்ற வாரம் மடிக்கணினியின் பாட்டரியைப் பற்றி இப்பகுதியில் எழுதியதைப் படித்துவிட்டு, பெங்களூரில் எங்கள் ஈஜிபுராவில் அடுத்த சந்திலுள்ள பெண்கள் பி.ஜி. ஒன்றில் தங்கியிருக்கும் தருமபுரி மாவட்டத்துப் பெண் ஒருத்தி, ஞாயிற்றுக்கிழமை காலையில் தன் மடிக்கணினியைத் துணிப்பையில் வைத்து மார்போடு அணைத்துக்கொண்டு என் வீட்டுப் படியேறி வந்தாள். பகலில் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கெழுதுகிறாள். இரவில் தபால்வழியில் எம்.காம். படிக்கிறாள். "ஐயா, இதை இனிமே வச்சிருக்கறதுல பிரயோஜனம் இருக்கா? ஆபீஸ்ல எல்லாரும் புதுசு வாங்கிடுன்றாங்க. நாப்பதாயிரத்துக்கு ஒண்ணு தவணையில பாத்து வச்சிருக்கேன். நாளைக்குக் கையெழுத்துப் போடணும்" என்றாள்.

பையிலிருந்து வெளிவந்தது, 2019-இல் அவள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபோது தமிழ்நாட்டு அரசு விலையின்றி வழங்கிய யந்திரம். மூடியின்மேல் இருந்த அரசு முத்திரை, கல்லூரிக்கும் பேருந்துக்கும் விடுதிக்குமாக ஆறு ஆண்டுகள் தூக்கிச் சுமக்கப்பட்டதில் பாதி தேய்ந்திருந்தது. 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி, அண்ணா பிறந்த தினத்தன்று, தொடங்கிவைக்கப்பட்ட அந்தத் திட்டத்தின்கீழ் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் மாணவர்களின் கைக்குப் போய்ச் சேர்ந்தன. ஒரு வீட்டில் முதன்முதலாக நுழைந்த கணினி இதுவாகத்தான் இருக்கும் என்ற நிலையில் இருந்த எத்தனையோ குடும்பங்களை நான் கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் கண்டிருக்கிறேன். ஆகையால், அப்படிப்பட்ட யந்திரம் ஒன்று 'மெதுவாகிவிட்டது' என்ற ஒரே குற்றத்துக்காக மூலையில் தூக்கிப் போடப்படுமென்றால், அந்தக் குற்றம் மெய்தானா, அது யாருடையது என்று விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

பொத்தானை அழுத்திவிட்டுச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். திரையில் படம் வர இரண்டு நிமிஷம். கணக்கெழுதும் டாலி திறந்து, எழுத்து அடித்தால் எழுத்து விழும் நிலைக்கு வர மேலும் மூன்று நிமிஷம் ஆயிற்று. அந்த ஐந்து நிமிஷமும் யந்திரத்தின் இடப்பக்கத்து அடியில் கையை வைத்திருந்தேன். உள்ளே ஏதோ ஒன்று இடைவிடாமல் கறகறவென்று அலைந்துகொண்டிருந்தது விரலுக்குத் தெரிந்தது. பிறகு, எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் பட்டியலைத் திறந்தேன். கணக்கிடும் மூளையாகிய பிராசஸர் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்குகூட உழைக்கவில்லை. ராம் முக்கால் நிறைந்திருந்தது. ஹார்ட் டிஸ்க் என்ற வரியில் மட்டும் நூற்றுக்கு நூறு என்று சிவந்து நின்றது. விசாரணையில் பாதி அங்கேயே முடிந்துவிட்டது என்றே சொல்லலாம்.

எங்கள் பேட்டைக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. உள்வட்டச் சாலைச் சந்திப்பிலிருந்து கேந்திரிய சதன் வரைக்குமாக, சுமார் இரண்டரை கிலோமீட்டர் நீளத்துக்கு, 2017-இல் வேலை தொடங்கப்பட்டு, 2022-இல் ஒப்பந்தம் ரத்தாகி, பிறகு வேறொருவரிடம் ஒப்படைக்கப்பட்ட அந்த மேம்பாலத்தின் தூண்களுக்கிடையே, மணிக்கு நூறு கிலோமீட்டர் போகக்கூடிய வண்டியை வைத்துக்கொண்டு சோனி வேர்ல்டு சிக்னலில் கால்மணி நேரம் நின்றவர்கள் நாங்கள். அந்த நேரத்தில், இதைவிட வேகமான வண்டி ஒன்றை வாங்கினால் சீக்கிரம் வீடு போய்ச் சேரலாம் என்று எவரும் எண்ணுவதில்லையே! இந்தப் பெண்ணின் யந்திரமும் ஓட மாட்டாமல் நிற்கவில்லை. டிஸ்க்கின் வாசலில் காத்து நிற்கிறது.

ஏன் காத்து நிற்கிறது என்பதைச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும். மடிக்கணினியின் சாதாரண ஹார்ட் டிஸ்க்கில் கண்ணாடிபோல் வழவழப்பான தட்டு ஒன்று நிமிஷத்துக்கு 5,400 முறை சுழல்கிறது. அதன்மேல், கிராமபோன் ஊசியை ஏந்தும் கையைப் போன்ற ஒரு கை முன்னும் பின்னும் அசைந்து, காந்தத்தால் எழுதப்பட்டதைப் படிக்கிறது. தட்டு ஒரு சுற்றுச் சுற்ற ஒரு விநாடியில் ஆயிரத்தில் பதினொரு பங்கு ஆகிறது. வேண்டிய இடம் கைக்கு அடியில் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று. கை தன் இடத்துக்கு நகரவோ இன்னும் பன்னிரண்டு பங்கு. இவையெல்லாம் கூடி, வெவ்வேறு இடங்களில் சிதறிக் கிடக்கும் துண்டுகளை எடுத்துவரச் சொன்னால், விநாடிக்குச் சுமார் அறுபது துண்டுகளுக்கு மேல் அதனால் எடுக்க முடிவதில்லை. விண்டோஸ் எழுந்து நிற்பதற்கோ அத்தகைய சிறு துண்டுகள் ஆயிரக்கணக்கில் வேண்டும். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடக்கூடிய எஸ்.எஸ்.டி.யில் சுழலும் தட்டும் இல்லை, அசையும் கையும் இல்லை. ஆதலால் அதே வேலையை அது விநாடிக்குப் பத்தாயிரம் துண்டுகள் என்ற கணக்கில் செய்துவிடுகிறது.

விளம்பரங்களில் இந்த விஷயம் சொல்லப்படுவதில்லை. 'விநாடிக்கு 550 எம்.பி.' என்பது நீண்ட சினிமாப் படம் ஒன்றை ஒரே மூச்சில் நகல் எடுக்கும்போது தென்படும் வேகம். அதைப் படித்துவிட்டு, பழைய மடிக்கணினியில் டிஸ்க்கைப் போர்டோடு சேர்க்கும் சாட்டா இணைப்பு அதில் பாதியைத்தான் தாங்கும், எனவே எஸ்.எஸ்.டி. போட்டும் பயனில்லை என்று சொல்லுகிறவர்கள் உண்டு. அவர்கள் சாலையின் அகலத்தை அளக்கிறார்களேயன்றிச் சிக்னலில் நின்ற நேரத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்பது என் அபிப்பிராயம்.

எஸ்.எஸ்.டி.யினுள் இருக்கும், மின்சாரம் போன பின்பும் நினைவை இழக்காத சில்லின் வித்து 1967-இல் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் டாவோன் காங், சைமன் ஸீ என்ற இருவர் கண்ட ஓர் அமைப்பு. சுற்றிலும் மின்கடத்தாப் பொருளால் அடைபட்ட சிறு தீவு ஒன்றில் மின்னூட்டத்தைச் சிறைவைத்தால் அது வருஷக்கணக்கில் அங்கேயே தங்கியிருக்கும் என்பது அதன் சாரம். அதைக் கொண்டு தோஷிபாவில் பணியாற்றிய ஃபூஜியோ மசுவோகா 1980-களில் ஃபிளாஷ் நினைவகத்தை ஆக்கினார்; ஒரேயடியாக அழிந்துபோகும் தன்மை, புகைப்படக் கருவியின் மின்னலை நினைவூட்டியதால், அவருடைய சகா ஒருவர் இட்ட பெயர் அது. கான்பூரில் பிறந்த சஞ்சய் மெஹ்ரோத்ரா உள்ளிட்ட மூவர் 1988-இல் தொடங்கிய கம்பெனி (சான்டிஸ்க் என்று இன்று நாம் அறிவது) 1991-இல் ஐ.பி.எம். மடிக்கணினிக்காக விற்ற முதல் எஸ்.எஸ்.டி. வெறும் 20 எம்.பி. கொண்டது, விலையோ ஏறக்குறைய ஆயிரம் டாலர். இன்று நம் கைப்பேசிப் படங்கள் சிலவே அதில் அடங்கும். அந்தக் கம்பெனியின் பொறியியல் நிலையம் ஒன்று இப்போது இதே பெங்களூரில் இருக்கிறது.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, "அப்போ மாத்திடலாமா ஐயா?" என்றாள். உடனே ஆமென்று சொல்லவில்லை. மூடியின் கீல் உடைந்து திரை ஆடுகிறதா, போர்டு சூடேறித் தானே அணைந்து போகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும், அப்படியிருந்தால் எஸ்.எஸ்.டி.க்குச் செலவிடுகிற பணம் விரயமே. மலிவான சில சிறு மடிக்கணினிகளில் டிஸ்க்குக்குப் பதிலான நினைவகம் போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும். அதைக் கழற்ற இயலாது. ராம் 2 ஜி.பி. மட்டுமே இருந்து, கூட்டவும் இடமில்லையென்றால், பயன் பாதிதான் கிட்டும். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோயின. புதிய பதிப்பைப் பழைய யந்திரங்கள் பல ஏற்பதில்லை. அவற்றில் லினக்ஸ் போட்டுக்கொள்ளத் தயாரா என்பதையும் யோசிக்க வேண்டும். இவள் யந்திரத்தில் கீல் உறுதியாக இருந்தது; ராம் 4 ஜி.பி.; இன்னொன்று செருக இடமும் இருந்தது.

ஆனால் டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் சிறு நிரலை ஓட்டியதும் நான் திடுக்கிட்டேன். கெட்டுப்போனதால் வேறிடத்துக்கு மாற்றப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை பூஜ்யமாக இருக்க வேண்டிய இடத்தில் இருநூற்றுச் சொச்சம் இருந்தது. வேகத்தைப் பற்றிய கேள்வி அந்தக் கணத்தோடு பின்னுக்குப் போய்விட்டது. "மார்க் ஷீட்டு, சாதிச் சான்றிதழ், அப்பாவோட ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டு எல்லாம் இதுல மட்டும்தான் இருக்கு" என்றபோது அவள் குரல் மாறியிருந்தது. முழு டிஸ்க்கையும் அப்படியே குளோன் செய்வது வழக்கந்தான். ஆயினும் சாகக் கிடக்கிற டிஸ்க்கை அவ்வளவு தூரம் ஓடவைக்கக் கூடாது. வேண்டிய கோப்புகளை மட்டும், சான்றிதழ்களை முதலாவதாக, என் வெளி டிஸ்க் ஒன்றில் நகல் எடுத்தோம். இரண்டு மணி நேரம் பிடித்தது. நாலு படங்கள் மட்டும் திறக்க மறுத்துவிட்டன.

மறுநாள் மாலை அவளும் நானும் டவுன் ஹாலுக்கு அப்பாலுள்ள எஸ்.பி. ரோட்டுக்குப் போனோம். தெருவுக்கு மறுபெயரே கம்ப்யூட்டர் சாமான் என்னும்படி, வாசற்படி வரை பெட்டிகள் அடுக்கிய கடைகள். பெயர் தெரியாத தயாரிப்பில் பெருங்கொள்ளளவைச் சொல்லிப் பாதி விலைக்கு நீட்டுகிறவர்களும் இருந்தார்கள். அப்படிப்பட்டவற்றில் சில, தம் கொள்ளளவையே பொய்யாகச் சொல்லும்படி தயாரிக்கப்பட்டவை. சாட்டா வகை, இரண்டரை அங்குலம், ஏழு மில்லிமீட்டர் கனம், குறைந்தது மூன்று வருஷ உத்தரவாதம் என்று கேட்டு, 500 ஜி.பி. ஒன்றைச் சுமார் மூவாயிரம் ரூபாய்க்கும், 4 ஜி.பி. ராம் ஒன்றையும் வாங்கினோம். பில்லில் சீரியல் எண்ணை எழுதச் சொல்லி, அங்கேயே உற்பத்தியாளரின் தளத்தில் சரிபார்த்துக்கொண்டோம்.

மாட்டுவதற்கு ஈஜிபுரா மெயின் ரோட்டில் எனக்குப் பழக்கமான ரிப்பேர்க் கடைக்குப் போனோம். ஆம்பூர்ப் பக்கத்துக்காரர்; பொறுமைசாலி. முதலில் பாட்டரியின் இணைப்பைத் துண்டித்தார். அடிமூடியின் திருகாணிகளை, அவை இருந்த வடிவத்திலேயே, வெள்ளைத்தாளில் ஒட்டிய டேப்பின்மேல் வரிசையாகப் பதித்தார். கிட்டார் வாசிப்பவர் பயன்படுத்துவது போன்ற மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை விளிம்பில் நுழைத்து இழுக்க, கிளிக், கிளிக் என்று மூடி விட்டுக்கொடுத்தது. "பாத்துக்கம்மா, இந்த மூக்கை ஒடச்சிட்டாத்தான் மூடி அப்புறம் ஆடும்" என்று அவளுக்குக் காட்டினார். பழைய டிஸ்க்கைத் தாங்கியிருந்த உலோகச் சட்டத்தைக் கழற்றிப் புதியதில் பூட்டி, இணைப்பில் தள்ளியபோது எஸ்.எஸ்.டி. அவர் உள்ளங்கையில் ஒரு சீட்டுக்கட்டைவிட இலேசாகக் கிடந்தது. புதிதாக விண்டோஸ் ஏற்றி, டாலி போட்டு, கோப்புகளைத் திருப்பி வைக்க இரவு ஒன்பதாயிற்று. கடைக் கடிகாரத்தில் பார்த்தோம்: திரை வர இருபது விநாடி, டாலி திறக்க ஆறு.

அவள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, எழுத எழுதத் தேய்ந்துவிடும் என்று ஆபீஸில் சொன்னார்களே என்று கேட்டாள். தேய்வது மெய்தான்; ஒவ்வொரு முறை அழித்து எழுதும்போதும் அந்தச் சிறைத்தீவின் சுவர் கொஞ்சம் பழுதாகிறது. ஆயினும், நல்ல தரத்து 500 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்றுக்கு 300 டி.பி. வரை எழுதலாமென்று உத்தரவாதம் தருகிறார்கள். தினந்தோறும் 20 ஜி.பி. எழுதினாலும் 15,000 நாட்கள், அதாவது நாற்பத்தோரு வருஷம். நான் அஞ்சுவது அதற்கல்ல. பழைய டிஸ்க் சாகுமுன் கறகறக்கும், திணறும், பெரும்பாலும் ஓர் எச்சரிக்கையாவது தரும்; எஸ்.எஸ்.டி.யின் கட்டுப்பாட்டுச் சில்லு போனால் முன்னறிவிப்பே இராது. மூன்று வருஷத்துக்கு முன் என்னுடையது அப்படித்தான் ஒரு காலையில் விழிக்காமலே போயிற்று. இரண்டு வருஷக் குறிப்புகள் போயின. மீட்டுத் தருவதாகச் சொன்ன கடைக்காரர் ஒரு மாதம் வைத்திருந்து கையை விரித்துவிட்டார். ஆகவே, மாதம் ஒருமுறை நகல் எடுக்கத் தனியாக ஒரு வெளி டிஸ்க் வாங்கச் சொன்னேன். முதல் தவணைக்கென்று எடுத்து வைத்திருந்த பணத்தில் அதற்கும் மீதியிருந்தது.

"பழசைத் தூக்கிப் போட்டுடவா ஐயா?" என்று, கழற்றிய டிஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். குப்பையில் போட்டால் அவள் சான்றிதழ்களை எவரும் படித்துவிட முடியும் என்றேன். கடைக்காரர் துளையிட்டுத் தருவதாகச் சொன்னார். அவள் சற்று யோசித்துவிட்டு, "இன்னிக்கி வேணாம்ண்ணா, அந்த நாலு படத்தையும் இன்னொரு தடவை முயற்சி பண்ணிப் பாக்கறேன்" என்று சொல்லி, திருகாணிகள் பதித்திருந்த வெள்ளைத்தாளையே கேட்டு வாங்கி, அதில் டிஸ்க்கைச் சுற்றித் துணிப்பையின் அடியில் வைத்துக்கொண்டாள்.

(அடுத்த வாரம்: நகல் எடுத்ததைத் திறந்து பார்ப்பது)