மணிலா டீச்சர்களின் மனநிறைவு

1901 ஆகஸ்டில் ‘தாமஸ்’ என்ற கப்பல் சுமார் 500 அமெரிக்க ஆசிரியர்களை மணிலாவில் கொண்டுவந்து இறக்கியது. அவர்கள் ஊன்றிய ஆங்கிலத்தின் பலத்தில், இன்று பிலிப்பைன்ஸ் ஆசிரியர்கள் அதே அமெரிக்காவுக்கும் தாய்லாந்துக்கும் வளைகுடாவுக்கும் பாடம் நடத்தப் போகிறார்கள்.

வேலை பிடிக்காமலா போகிறார்கள்? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அரசுப் பள்ளி வேலை நிரந்தரம். ஊரில் மதிப்பும் உண்டு. சம்பளம்தான் வந்த வேகத்தில் கரைகிறது. புதிதாகச் சேரும் ஆசிரியருக்கு 2025இல் மாதம் சுமார் 30,000 பெசோ. அதில் கடன் தவணைகள் பிடித்தமாகின்றன. பிடித்தம் போக 5,000 பெசோவாவது கைக்கு வர வேண்டும் என்று அரசே விதி வகுக்கும் அளவுக்குக் கடன் பெருகிக் கிடக்கிறது.

பணத்தைவிட அதிகமாக வாட்டுவது எழுத்து வேலை. நாளொன்றுக்கு 6 மணி நேரத்துக்கு மேல் வகுப்பெடுக்கச் சொல்லக்கூடாது என்று 1966ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. ஆனால் வகுப்பு முடிந்த பிறகு பதிவேடுகளும் அறிக்கைகளும் காத்திருக்கும். நாளைய பாடத்துக்குத் தயாராவது இரவில்தான். இந்த அலுவலக வேலைகளை ஆசிரியர்களிடமிருந்து எடுத்துவிடும்படி 2024 ஜனவரியில் கல்வித்துறை ஆணையிட்டது. ஊதிய உயர்வுக்கு நிகரான அறிவிப்பு என்றே இதைச் சொல்வேன்.

வெளிநாட்டில் சம்பளம் பல மடங்கு. ஆனால் அமெரிக்காவின் பரிமாற்ற விசா 3 ஆண்டுக்குத்தான், நீட்டித்தாலும் 5. அதற்குள் கடனை அடைத்து, வீடு கட்டி, பிள்ளைகளைப் போனிலேயே வளர்க்க வேண்டும். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக்குப் போன 350க்கும் மேற்பட்டோரிடம் ஆளெடுக்கும் நிறுவனம் தலைக்குச் சுமார் 16,000 டாலர் கறந்தது. அவர்கள் வழக்குப் போட்டார்கள். 2012இல் 45 லட்சம் டாலர் இழப்பீடு தரச் சொல்லித் தீர்ப்பு வந்தது.

என்னை அதிகம் வருத்துவது ஹாங்காங் கணக்கு. அங்கே வீட்டு வேலைக்கு 2024இல் நிர்ணயித்த குறைந்தபட்சச் சம்பளம் 4,990 ஹாங்காங் டாலர், ஏறக்குறைய 36,000 பெசோ. தங்க இடமும் உண்டு. ஆசிரியர் பட்டத்தோடு அந்த வேலைக்குப் போனவர்களை மறுபடி வகுப்பறைக்கு அழைக்க அரசு தனித் திட்டமே வைத்திருக்கிறது. திரும்பி வருபவர் சம்பளம் குறையும் என்று தெரிந்தே, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர வருகிறார். அவர் மேசையில் மறுபடி அறிக்கைக் கட்டுகளை அடுக்கக்கூடாது. எழுத்தர்களை நியமிக்காமல் 2024 ஆணை பள்ளிவரை வந்து சேராது. கல்வித்துறை முதலில் அதற்குப் பணம் ஒதுக்கட்டும்.